பால்சாதத்தை விடாத பூனைக்குட்டிக்கு ஒழுங்கான தீனி பழக்குவது எப்படி

மார்ச் தொடங்கி மழை ஓயும்வரை பெங்களூரில் பூனைக்குட்டி கத்தாத தெரு குறைவு. பைக் சீட்டுக்கு அடியில், ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால், மாடிப்படித் திருப்பத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டியில் என்று எங்காவது ஒன்று கிடைக்கும். தூக்கி வந்த கையோடு ஒரு கிண்ணத்தில் நந்தினி பாலை ஊற்றுவோம். அது நக்கிக் குடிப்பதை வீடே கூடி நின்று பார்க்கும். மறுநாள் கடைக்குப் போய், குட்டிகளுக்கென்றே விற்கிற ஈரத் தீனி பவுச் ஒன்றை வாங்கிவந்து தட்டில் பிழிந்து வைத்தால், ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். "ரொம்பத்தான் பிகு பண்ணுது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பால்.

பெரும்பாலும் குட்டி பிகு பண்ணுவதில்லை. உடம்பில் ஏதாவது கோளாறு இருக்கும். இல்லையென்றால் நாம் வைத்த விதம் சரியில்லை. இரண்டும் இல்லையென்றால், கொஞ்ச நேரம் பொறுத்தால் இதைவிட நல்லது வரும் என்று வீட்டில் இருப்பவர்களே அதற்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். உடம்பு சரியில்லாத குட்டியிடம் போய், "பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்று வீம்பு காட்டினால் குட்டி செத்துப்போகும்.

வயது தெரியாமல் தொடங்க வேண்டாம்

கட்டைவிரலால் மேலுதட்டை லேசாக ஒதுக்கிப் பல்லைப் பாருங்கள். முன்பக்கம் அரிசிக் குருணை மாதிரிப் பொடிப் பற்கள் மட்டும் தெரிந்தால் மூன்று வாரம் ஒட்டிய குட்டி. பக்கத்தில் கூரான கோரைப்பல்லும் வந்திருந்தால் ஏறக்குறைய 4 வாரம். கோரைப்பல்லுக்குப் பின்னால் கடைவாய்ப் பக்கமும் பல் முளைத்திருந்தால் 5, 6 வாரத்தைத் தாண்டியிருக்கும். எட்டு வாரத்தையொட்டி 26 பால்பற்களும் வந்துவிடும். கண் நிறமும் ஒரு கணக்கு சொல்லும்: பிறந்த குட்டிக்கெல்லாம் கண் நீலமாகத்தான் இருக்கும், 6, 7 வாரம் வாக்கில்தான் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறத் தொடங்கும். எடையை மட்டும் நம்ப வேண்டாம். நன்றாக வளர்ந்த குட்டி 4 வாரத்தில் 400 கிராம், 8 வாரத்தில் 800, 900 கிராம் என்று இருக்கும். தெருவில் பட்டினி கிடந்ததற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

நான்கு வாரத்துக்குக் குறைந்த குட்டி என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இன்னும் தேவையில்லை. அதற்குப் பூனைக்குட்டிகளுக்கான பால் பவுடரைக் கரைத்துச் சின்ன பாட்டிலில், குப்புறப் படுத்த நிலையில், இரவிலும் எழுந்து கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டுக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். அந்த வயதுக் குட்டியை டாக்டரிடம் காட்டி, கேட்டுக்கொண்டு வளர்ப்பதுதான் நல்லது. 4 முதல் 8 வாரம் வரை கூழ்ப் பருவம். 8 வாரத்துக்குமேல் நேராகத் தீனிக்கு வந்துவிடலாம்.

பாலில் என்ன தப்பு?

மாட்டுப்பாலில் இருக்கிற லாக்டோஸைச் செரிக்கும் சக்தி, தாய்ப்பாலை மறக்க மறக்கக் குட்டிக்குக் குறைந்துகொண்டே போகும். விளைவு வயிற்றுப்போக்கு. அரைக் கிலோ உடம்பில் இருந்து தண்ணீர் வற்ற ஒரு நாள் போதும். வயிறு கெடாத குட்டிக்கும் பால் நல்லதில்லை. வயிறு நிறைந்துவிடும், ஆனால் வளர்ச்சிக்குத் தேவையானது அதில் போதாது. வயிறு நிறைந்த குட்டி எதற்குப் பவுச்சைத் தொடப்போகிறது? ருசிக்காகக் குடிக்கிறது, கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு ஒன்று பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடக்கிறது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். பாலில் அதற்குப் பிடித்தது கொழுப்பும் வெதுவெதுப்பும்தான். இது பின்னால் நமக்கு உதவும்.

தயிர் சாதம், இட்லி, பாலில் ஊறிய பிஸ்கட் எல்லாம் இதே கதைதான். பூனை இறைச்சி தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்கிற சத்து அதற்கு உணவிலிருந்து நேராகக் கிடைக்க வேண்டும். அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, அரிசி பருப்பில் கிடையாது. குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்துபோகும். இதயக் கோளாறுக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பிறகுதான் பூனைத் தீனிகளில் அதன் அளவைக் கூட்டினார்கள்.

"எங்க பாட்டி வீட்டுப் பூனை தயிர் சாதத்துலயே பதினஞ்சு வருஷம் இருந்துச்சே" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அந்தப் பூனை தயிர் சாதத்தை முடித்துவிட்டு வைக்கோல்போரில் எலி பிடித்தது, ஓட்டில் பல்லி பிடித்தது. மாரத்தஹள்ளியில் மூன்றாவது மாடியில், ஜன்னலுக்கு வலையடித்த ஃப்ளாட்டில் வளரும் குட்டிக்கு அந்தப் பக்க வருமானம் இல்லை.

பிகுவா, நோயா?

தட்டை வைத்துவிட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். குட்டி சாப்பிடாமல் இருப்பதிலேயே பல தினுசு உண்டு. எந்தத் தினுசு என்பது முக்கியம்.

தட்டின் பக்கமே வராமல், கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கிறதா? வந்து ஒரு நாள்தான் ஆகிறது, கண் பளிச்சென்று இருக்கிறது, ராத்திரியில் தட்டு காலியாகிறது என்றால் அது பயம். ஒரு சின்ன அறையில் விட்டு, டிவி சத்தமும் கூட்டமும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். சுருண்டே கிடக்கிறது, விளையாட்டுக் காட்டினாலும் திரும்பவில்லை என்றால் நோய்.

ஆசையாக ஓடிவந்து, மோந்து பார்த்துவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டும் எச்சிலை விழுங்கிக்கொண்டும் பின்வாங்குகிறதா? அது குமட்டல். வயிற்றில் புழு இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம்.

ஒரு வாய் எடுத்து, மென்று, கீழே போட்டுவிடுகிறதா? வாய்க்குள் வலி. பூனைச் சளிக் கிருமிகளில் ஒன்று நாக்கிலும் அண்ணத்திலும் புண் உண்டாக்கும். நாலு மாத வாக்கில் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும்போதும் கெட்டித் தீனியைக் குட்டிகள் ஒதுக்கும். அது சில நாளில் சரியாகிவிடும்.

மோந்து பார்த்தும் ஒன்றும் புரியாததுபோல நிற்கிறதா? மூக்கைப் பாருங்கள். பூனை நாக்கால் முடிவெடுப்பதில்லை, மூக்கால் எடுக்கிறது. வாசம் ஏறாவிட்டால் அதற்கு எதிரில் இருப்பது உணவே இல்லை. தெருக் குட்டிகளுக்குச் சளி சர்வ சாதாரணம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் மூக்குப் பொருக்கைத் துடைத்துவிடுங்கள். குளியலறைக் கதவை மூடி, கீசர் தண்ணீரைத் திறந்துவிட்டு ஆவி நிறைந்ததும், குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்காருங்கள். பிறகு உடனே தீனி காட்டினால் பல குட்டிகள் சாப்பிட்டுவிடும். நமக்குச் சளி என்றால் பூசுகிற தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. அவை பூனைக்கு விஷம்.

சாப்பிட்டுக்கொண்டே ஓரத்தில் தரையைச் சுரண்டி மூடுவதுபோலப் பாவனை செய்தால் கவலை வேண்டாம். மிச்சத்தை ஒளித்துவைக்கிற பழைய புத்தி அது. உங்கள் தீனியைப் பற்றிய விமர்சனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று, பெங்களூருக்கே உரியது. டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் இங்கே 15 டிகிரி சர்வ சாதாரணம். மொசைக் தரையும் ரெட் ஆக்சைடு தரையும் சில்லிட்டுக் கிடக்கும். குட்டியின் உடம்புச் சூடு 38 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். காதும் பாதமும் தொட்டால் ஜில்லென்று இருக்கிற குட்டிக்குப் பசி எடுக்காது, உள்ளே போனதும் செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் சோறு. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். நகர்ந்து போக இடம் இருக்கட்டும். நன்றாகச் சூடேறும்வரை எதையும் ஊட்ட வேண்டாம்.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? 6 வாரத்துக்குக் குறைந்த குட்டி ஆறு மணி நேரத்துக்குமேல் ஒன்றும் தின்னாமல் இருக்கக் கூடாது. 6 முதல் 12 வாரக் குட்டிக்கு அரை நாள்தான் எல்லை. அதைவிடப் பெரியது என்றால் ஒரு நாள். வாந்தி, வயிற்றுப்போக்கு, ஜுரம், தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் இந்தக் கணக்கைப் பார்க்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். தடுப்பூசி போடாத குட்டியைப் பான்லூக்கோபீனியா என்கிற வைரஸ் ஓரிரு நாளில் கொன்றுவிடும். அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று சாப்பாட்டை ஒதுக்குவது. குட்டி துவண்டு, ஜில்லிட்டு, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால், சர்க்கரைக் கரைசலைத் துளி விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டுக் கிளம்புங்கள். வாயில் ஊற்றாதீர்கள்.

பக்கத்தில் கிளினிக் இல்லாதவர்களுக்கு க்வீன்ஸ் ரோட்டில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கன்னடம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. "ஊட்டா மாட்தா இல்ல" (சாப்பிட மாட்டேன் என்கிறது) என்பதோடு குட்டியைக் காட்டினால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். போகும்போது கடைசியாக எப்போது, எதை, எவ்வளவு சாப்பிட்டது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மலத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும். அப்படியே புழு மருந்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். தாய்ப்பால் வழியாகவே உருண்டைப்புழு வந்துவிடுவதால், தெருக்குட்டி எதுவும் இதற்கு விலக்கல்ல. உடம்பு மெலிந்து, வயிறு மட்டும் பானையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. மனிதர்களுக்கான மாத்திரையை ஒடித்துக் கொடுக்கிற வேலை கூடவே கூடாது. பாரசிட்டமால் கால் மாத்திரையே ஒரு குட்டியைக் கொன்றுவிடும்.

எதை வாங்குவது?

உறையில் இரண்டு விஷயம் பாருங்கள். குட்டிகளுக்கானது என்று போட்டிருக்க வேண்டும். முழுமையான உணவு என்றும் போட்டிருக்க வேண்டும். துணை உணவு, ட்ரீட் என்று போட்டிருந்தால் அது நொறுக்குத் தீனி. விஸ்காஸ், ராயல் கானின், மீ-ஓ, ஷீபா என்று கடைகளில் கிடைக்கிற பல பெயர்களிலும் குட்டிகளுக்கானது தனியாக வருகிறது. எடுத்த எடுப்பில் பெரிய மூட்டை வாங்கி வைக்காதீர்கள். கூழ், ஜெல்லி, கிரேவித் துண்டு என்று மூன்று பதத்தில் ஒவ்வொரு பவுச் வாங்குங்கள். குட்டிக்குச் சுவையைவிடப் பதம்தான் பெரும்பாலும் பிரச்சினை. நாய்த் தீனி மலிவாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் போக வேண்டாம், பூனைக்குத் தேவையான டாரின் கணக்கு அதில் இருக்காது.

வீட்டில் முட்டைகூட வாங்காதவர்கள், மல்லேஸ்வரம், பசவனகுடிப் பக்கம் சைவக்கார வீட்டு உரிமையாளரின் மாடியில் குடியிருப்பவர்கள் இந்த இடத்தில்தான் தயங்குவார்கள். பூனையைச் சைவமாக்க வழியில்லை. ஆனால் சமையலறைக்குள் எதையும் கொண்டுவராமல் சமாளிக்க வழி உண்டு. பவுச்சைப் பால்கனியிலோ குளியலறை ஓரத்திலோ வைத்துப் பிரிக்கலாம். தனித் தட்டு, தனி ஸ்பூன், கீழே விரிக்க ஒரு பழைய பேப்பர் போதும். காலிப் பவுச்சைக் கவரில் முடிந்து அன்றைக்கே குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். மீன் வறுத்த வாசத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கோழி வேக வைக்காமலேயே முழு வேலையும் நடக்கும்.

முதல் வாய்

இதுதான் கட்டுரையின் மையம், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தட்டு அகலமாக, தட்டையாக இருக்கட்டும். காபி டபராவின் அடித்தட்டு அளவு போதும். ஆழக் கிண்ணத்தில் வைத்தால் சில குட்டிகளுக்கு மீசைமுடி ஓரத்தில் இடித்துக்கொண்டே இருப்பது பிடிக்காது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள். மண்தொட்டி இன்னும் தள்ளி, முடிந்தால் வேறு மூலையில். கக்கூஸ் பக்கத்தில் இலை போட்டால் நாமும்தான் எழுந்துவிடுவோம்.

பவுச்சை ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து அப்படியே வைப்பதுதான் புதியவர்கள் வீட்டில் நான் அதிகம் பார்ப்பது. ஜில்லென்ற தீனியில் வாசமே கிளம்பாது. ஒரு கரண்டி தீனியை எடுத்து, ஒரு டேபிள் ஸ்பூன் வெந்நீர் விட்டு, முள்கரண்டியால் கட்டியில்லாமல் மசியுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் துளி வைத்துப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. குழந்தைக்குப் பாலாற்றியவர்களுக்குக் கை தானாகச் சொல்லும். மைக்ரோவேவில் வைத்தால் ஆங்காங்கே மட்டும் கொதிக்கும், ஒரு முறை நாக்கு சுட்டால் அந்தத் தட்டையே வெறுத்துவிடும். வெந்நீர்தான் நல்லது. 4 முதல் 8 வாரக் குட்டிக்கு வெந்நீருக்குப் பதில் குட்டிப் பால் பவுடரைக் கரைத்து விட்டு, மோர்க்குழம்பு பதத்துக்குத் தளர்த்துங்கள். பழகப் பழக இறுக்கிக்கொண்டே வரலாம்.

விரல் நுனியில் ஒரு பருக்கை அளவு எடுத்து மூக்குக்கு முன்னால் நீட்டுங்கள், மூக்கில் அப்பாதீர்கள். நக்கினால் சரி. நக்காவிட்டால் கீழுதட்டின் உள்ஓரத்திலோ முன்காலின் மேலோ துளி தடவிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். பூனைக்கு உடம்பில் அழுக்கு ஒட்டினால் பொறுக்காது, நக்கியே தீரும். நக்கும்போது ருசி தெரிந்துவிடும். இரண்டு மூன்று நக்கலுக்குப் பிறகு தலை நிமிரும், மூக்கு உங்கள் விரலைத் தேடும். அப்போது விரலை மெல்லத் தட்டுக்குக் கொண்டுபோங்கள், தலை கூடவே வரும். முகத்தைத் தட்டில் அமுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மூக்குக்குள் தீனி ஏறித் தும்மும், அதன் பிறகு தட்டைக் கண்டாலே ஓடும்.

தின்னவில்லையா? இருபது நிமிஷம் வைத்துவிட்டு, கெஞ்சாமல் கொஞ்சாமல் தட்டை எடுத்துவிடுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்தில் புதிதாகக் கொஞ்சம். இடையில் வேறு எதுவும் கிடையாது. மேலே சொன்ன மணிக்கணக்கு இங்கேயும் பொருந்தும், எல்லை நெருங்கினால் பிடிவாதத்தை நாம்தான் விட வேண்டும். சிரிஞ்சில் ஊட்டுவதை டாக்டர் காட்டிக் கொடுத்த பிறகு செய்யுங்கள். ஈரத் தீனியை அறை வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் விட்டுவைக்க வேண்டாம். எறும்பு அதற்கு முன்பே வந்துவிடும். தட்டை ஒரு பெரிய தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வைத்தால் எறும்புத் தொல்லை தீரும். எறும்புப்பொடி, சாக்பீஸ் கோடு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. மருந்தைத் தீனியில் கலந்து ஏமாற்றாதீர்கள். ஒரு முறை கசந்தாலும் அந்தத் தீனியின் மேலேயே சந்தேகம் வந்துவிடும், பிறகு நல்ல தீனியும் போச்சு. மருந்து தனி, சாப்பாடு தனி.

பால்சாதத்திலிருந்து இறக்குவது

8 வாரத்தைத் தாண்டிய, விளையாடுகிற, ஆனால் பால்சாதம் தவிர எதையும் தொடாத குட்டியை ஒரே நாளில் மாற்றப் பார்ப்பதைவிட ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்வது நல்லது. வயிறும் பழக வேண்டுமே.

முதலில் பாலை மாற்றுங்கள். பாலில் அதற்குப் பிடித்தது கொழுப்பும் சூடும் என்று சொன்னேன் அல்லவா? உப்பு, மஞ்சள், இஞ்சி, பூண்டு, வெங்காயம் எதுவும் போடாமல் கோழி வேக வைத்த தண்ணீரை வெதுவெதுப்பாகச் சாதத்தில் பாலோடு கலந்து, நாளுக்கு நாள் பாலைக் குறையுங்கள். இரண்டு, மூன்று நாளில் பால் முழுதாக நின்றிருக்கும், குட்டி சண்டை போட்டிருக்காது. அடுத்தது சாதம். நன்றாகக் குழைத்த சாதத்தில் கால் பங்கைக் குறைத்து அந்த அளவுக்குப் பவுச் கூழைப் பிசையுங்கள். சாப்பிட்டால் மறுநாளும் அதே அளவு. அடுத்த நாள் பாதிப் பாதி. ஒதுக்கினால் முந்தைய அளவுக்குத் திரும்பி ஒரு நாள் நிற்கலாம், பாலுக்குத் திரும்பக் கூடாது. கடைசியில் தட்டில் சாதம் இருக்காது. அசைவம் சமைக்காத வீட்டில் கோழித் தண்ணீருக்குப் பதில் கிரேவி பவுச்சின் குழம்பை வெந்நீரில் கரைத்தாலே போதும்.

கோழி வேக வைத்தோமே, அதையே கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் போனால் கோழியும் கிடைக்கும், மங்களூர்ப் பக்கத்து பங்குடே என்கிற கானாங்கெளுத்தி மீனும் கிடைக்கும். குட்டிக்கு அதென்றால் உயிர். ஆசைக்குக் கொஞ்சம் கொடுக்கலாம், மூன்று வேளையும் அதுவே கூடாது. எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. அதை மட்டும் தின்று வளரும் குட்டி, கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சோஃபாவிலிருந்து குதித்ததற்குக் கால் உடைந்து வருகிற குட்டிகளில் இப்படிப்பட்டவை உண்டு. வீட்டுச் சமையல்தான் கொடுப்பேன் என்றால், டாக்டரிடம் சத்துக் கலவைக்கு எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். பச்சை இறைச்சி, பச்சை மீன் வேண்டாம். கிருமிகளோடு பறவைக் காய்ச்சலும் பூனைக்குத் தொற்றும்.

மற்ற அடங்கள்

குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டை விட்டுவிடும் குட்டிகள் ஏராளம். துண்டை மசித்துக் குழம்போடு கலந்துவிடுங்கள், முடிந்தது. ட்யூபில் பிழிந்து தருகிற கிரீம் ட்ரீட்டுக்கு அடிமையானதற்கு, தீனியின் மேலே அதை ஒரு கோடு இழுத்து வைத்துக் கோட்டை நாளுக்கு நாள் சுருக்க வேண்டும். ட்ரை ஃபுட் மட்டுமே தின்பேன் என்றால், அது குட்டிகளுக்கான முழு உணவாக இருக்கும்வரை பெரிய குற்றமில்லை. ஆனால் ஈரத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், உலர்ந்ததில் நூற்றுக்குப் பத்து வாக்கில்தான் இருக்கும். அதனால் தண்ணீர்க் கிண்ணம் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். சின்னக் குட்டிக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குள் எத்தனை பதம், எத்தனை வாசம் பழகுகிறதோ, பெரியதானதும் அவ்வளவு தொல்லை குறையும். ஒரே பிராண்டு, ஒரே சுவை என்று பழக்கிவிட்டு அந்தச் சரக்கு கடையில் வராமல் போனால் என்ன செய்வீர்கள்?

வீட்டில் உள்ளவர்கள்

குட்டியைப் பழக்குவது சுலபம். கஷ்டம் மனிதர்கள்தான். காலையில் நீங்கள் தட்டை எடுத்துவிட்டு ஆபீஸ் கிளம்பியதும், அம்மா பூஜைக்கு வைத்த பாலில் கொஞ்சம் ஊற்றுவார். அப்பா பேப்பர் படித்தபடியே பிஸ்கட் நுனியைக் கிள்ளிப் போடுவார். மதியம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "பாவம், வத்தலா இருக்குதே, மீன் துண்டு கொண்டாறட்டுமா?" என்பார். சாயங்காலம் நீங்கள் பவுச்சைப் பிரிக்கும்போது குட்டி உங்களை ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்?

பத்து நாளைக்குத் தட்டு ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் வேளைகளை எழுதி ஒட்டி, கொடுத்தவர் டிக் அடிக்கட்டும். 8 வாரக் குட்டிக்கு நாளைக்கு நாலு வேளை. நாளுக்கு எவ்வளவு என்பது எடைவாரியாக உறையிலேயே இருக்கும், அதை நாலாகப் பிரியுங்கள். அம்மாவிடம் "பால் ஊத்தாதீங்க" என்று சொல்லிப் பயனில்லை. "மத்தியான வேளை உங்க பொறுப்பும்மா" என்று பவுச்சைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஊட்டுகிற சந்தோஷம் வேண்டும் என்பதற்காகத்தான் அவர் பால் ஊற்றுகிறார். பி.ஜி.யில் நாலு பேர் சேர்ந்து வளர்க்கிறவர்களுக்கும் இதே ஏற்பாடுதான்.

வீட்டுச் சாப்பாட்டில் இருந்து பங்கு கொடுக்கிறவர்களுக்கு இரண்டே வரி: வெங்காயமும் பூண்டும் பச்சையாக இருந்தாலும் வெந்தாலும் பொடியானாலும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பிரியாணிக் கோழியைக் கழுவிக் கொடுத்தாலும் மசாலா போகாது. சாக்லேட், திராட்சை, கிஸ்மிஸ், வெந்த எலும்பு ஆகியவையும் கூடாது.

தராசு

சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு டப்பாவை வைத்து, குட்டியை அதற்குள் உட்கார வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஒரு நாளைக்கு 10, 15 கிராம் ஏறினால் சாப்பாடு போதுகிறது. தட்டில் மிச்சம் வைக்கிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. தொடர்ந்து இரண்டு நாள் ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, குட்டி எவ்வளவு குதித்து விளையாடினாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும்.

ஆறு மாதம் தாண்டியதும் வேளையை மூன்றாகவோ இரண்டாகவோ குறைக்கலாம். ஒரு வயதில் பெரிய பூனைகளுக்கான தீனிக்கு மாற வேண்டும். அப்போதும் ஒரு வாரம் கலந்து கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். இடையில் கருத்தடை ஆபரேஷன் முடிந்தால் பசி கூடும், தேவை குறையும். அதன் பிறகு ட்ரை ஃபுட்டைத் தட்டு நிறையக் கொட்டிவைக்காமல், அதே தராசில் கிராம் கணக்கில் அளந்து போடுங்கள்.